சாவு மேளமும் ஒரு டெத் மெட்டல் ஆல்பமும்

மெட்டல் என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் நண்பர்களே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஆட்டாப்ஸி குழுவின் 'மென்டல் ஃப்யூனரல்' பற்றி. 1991-ல் பீஸ்வில் என்ற இங்கிலாந்து கம்பெனி வெளியிட்டது. மொத்தம் 12 பாட்டு, நாற்பது நிமிஷம்கூட வராது.

குழுவுக்கு ஊர் கலிபோர்னியா, சான் பிரான்சிஸ்கோ பக்கம். டிரம்ஸ் அடித்துக்கொண்டே கர்ஜிக்கிறவர் கிறிஸ் ரீஃபர்ட். 'டெத்' குழுவின் முதல் ஆல்பத்துக்கு (1987) டிரம்ஸ் வாசித்தவரும் இவர்தான். அந்தக் குழுவின் சக் ஷுல்டினர் ஃப்ளோரிடாவுக்குத் திரும்பிவிட, இவர் கூடப் போகாமல் அதே வருஷம் ஆட்டாப்ஸியை ஆரம்பித்தார். டெத் மெட்டல்காரர்கள் எல்லாரும் யார் வேகம் என்று போட்டி போட ஆரம்பித்த காலத்தில், இவர்கள் மட்டும் திடீர் திடீரென்று நடையைக் குறைத்தார்கள்.

அந்த மெதுவான நடைதான் டூம். பிளாக் சபாத் போட்ட பாதை. டோனி அயோமிக்கு பர்மிங்ஹாம் தகட்டுப் பட்டறையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. அழுத்த வலிக்கிறதென்று கிடார் கம்பியைத் தளர்த்தினார், சத்தம் கனத்தது. ஒரு விபத்திலிருந்து ஒரு இசை வகையே! பங்க் எங்கே என்றால், அந்த அலட்சியத்தில் இருக்கிறது. பிசிறு தட்டினால் தட்டட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். 'போன்சா' ஒரு நிமிஷம்கூட இல்லை. 'ஹோல் இன் தி ஹெட்' ஆறு நிமிஷம் இழுத்து இழுத்துப் போகும்.

இது எனக்கு ஏன் பழகிய சத்தமாக இருக்கிறது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். எங்கள் புதுப்பட்டினம் தெருவில் சாவு என்றால் பறை வரும். குப்பையைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி இறுக்குவார்கள். (அயோமி தளர்த்தினார், இவர்கள் இறுக்குகிறார்கள்.) பாடை கிளம்பும்போது ஆட்டம் போடவைக்கிற அடி, திருப்பம் வந்தால் சட்டென்று ஒரு தொய்வு, மறுபடி வேகம். சென்னையில் மரண கானா வேறு இருக்கிறது. செத்த வீட்டில் ராத்திரி முழுக்கப் பாட்டு. சாவை வைத்துச் சத்தம் போடுவது ஒன்றும் அமெரிக்காக்காரன் கண்டுபிடிப்பு இல்லைங்க.

அம்மாவிடம் இந்த வாதமெல்லாம் எடுபடாது. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமியில் போனவர் அம்மாவின் தம்பி. நான் அப்போது பிறக்கவே இல்லை, மாமாவை போட்டோவில்தான் தெரியும். டிவியில் ஒப்பாரி வந்தால் அம்மா சேனலை மாத்திவிடும். இந்த ஆல்பத்தின் பெயருக்கு அர்த்தம் கேட்டது, சொன்னேன். "அப்படி ஒரு பாட்ட இந்த வீட்ல போடாத கண்ணு" என்றது. அதற்கப்புறம் ஹெட்போன்தான்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மாமா பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. வருஷா வருஷம் அந்தத் தேதியில் படத்துக்கு மாலை போடுவார்கள், சாப்பிடுவார்கள், முடிந்தது. பார்க்காத ஒருவருக்காக எப்படித் துக்கப்படுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 'இன் தி கிரிப் ஆஃப் வின்டர்' மெதுவாகும் இடத்தில் நெஞ்சில் ஏதோ உட்காருகிறது. பாட்டோ குளிரைப் பற்றி, நமக்கும் குளிருக்கும் சம்பந்தமே கிடையாது!

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்ட வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிலை நிற்கும். நம்ம சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள்ளும் டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன. அங்கே போட்டோ எடுக்கிற கூட்டம் என் டீசர்ட்டைப் பார்த்தால் மட்டும் முகம் சுளிக்கிறது.

குழு 1995-ல் கலைந்தது. மறுபடி சேர்ந்து 2011-ல் 'மக்காபர் எடர்னல்' போட்டார்கள், அதுவும் தேவலை. புதிதாகக் கேட்பவர்கள் 'ஸ்லாட்டர்டே'யிலிருந்து ஆரம்பியுங்கள். அந்தப் பாட்டின் பெயரையே ஒரு ஜெர்மன் குழு வைத்துக்கொண்டிருக்கிறது. சத்தம் கொஞ்சம் அதிகமாக வையுங்கள், வீட்டில் யாரும் இல்லாதபோது.