பிரளயச் சித்திரத்தின் கீழே

வெனிஸ் நகரத்துக்கு யாத்திரை செல்பவர்கள் முதலில் நாடுவது புனித மார்க்கு தேவாலயத்தைத்தான். உள்ளே ஜொலிக்கும் பொன் விதானத்தைக் காணும் அவசரத்தில் பலர் வாசல் மண்டபத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நாமோ அங்கேயே நின்றுவிட்டோம். முன்பொரு நாள் வகுப்பில் நோவாவின் கதையைச் சொன்னபோது, "பேழையில் இடம் கிடைக்காதவர்கள் என்ன ஆனார்கள், ஸார்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். "மூழ்கிப் போனார்கள்" என்று இரண்டே சொல்லில் பதிலளித்துவிட்டுப் பாடத்தை மேலே நடத்தினோம். அந்தக் கேள்வி இம்மண்டபத்தில் மீண்டும் நம் எதிரே வந்து நின்றது.

பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கலைஞர்கள் வர்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்து, இங்குள்ள வளைவுகளில் ஜலப்பிரளயத்தைச் சித்திரித்திருக்கிறார்கள். பேழை கப்பலைப் போலவே இல்லை. நம் வீட்டு மரப்பெட்டியைப் போல் இருக்கிறது. நோவா பறவைகளைக் கையில் எடுத்து அதற்குள் விடுகிறார். பிறகு மழை நீலக் கோடுகளாய்க் கொட்டுகிறது. வெள்ளத்தில் பிரேதங்கள் மிதக்கின்றன. புறாவைப் பறக்கவிடும் காட்சியிலோ, அண்டங்காக்கை ஒரு பிரேதத்தின் மேல் அமர்ந்திருக்கிறது!

ரோமாபுரியில், ஸிஸ்டைன் ஆலய விதானத்தை 1508 முதல் 1512 வரை தீட்டிய மைக்கலாஞ்சலோ இன்னும் ஒரு படி மேலே போனார். பேழையைத் தூரத்தில் ஒதுக்கிவிட்டு, மாளப்போகிறவர்களையே முன்னால் நிறுத்தினார். ஒருவன் மனைவியை முதுகில் சுமக்கிறான். ஒருத்தி தட்டுமுட்டுச் சாமான்களைத் தலையில் தாங்கி வருகிறாள். இவர்களில் பாவி யார் என்று நமக்குத் தெரியவில்லை. அண்டை வீட்டாராகவே தோன்றுகிறார்கள்.

வெனிஸ் மண்டபத்துக்குத் திரும்புவோம். நகரத்தின் மிகத் தாழ்ந்த இடங்களில் இதுவும் ஒன்று. 1966 நவம்பர் 4-ஆம் தேதி கடல் 194 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2019 நவம்பர் 12-ஆம் தேதி 187 சென்டிமீட்டர். மேலே சித்திரப் பிரளயம். கீழே நிஜப் பிரளயம்! தண்ணீர் வடிந்தாலும் உப்பு வடிவதில்லை. அது செங்கல் சுவருக்குள் ஏறி, உலர்ந்து இறுகி, சுவரையும் அதில் பதித்த சித்திரத்தையும் அரிக்கிறது.

இதைத் தடுக்க, கடல் புகும் மூன்று வாய்களிலும் 78 இரும்புக் கதவுகளை அமைத்தார்கள். வெள்ளம் வருமென்று தெரிந்தால் அவை அடியிலிருந்து எழும்பி நிற்கும். 2020 அக்டோபர் 3-ஆம் தேதி முதன்முறையாகக் கடலைத் தடுத்தன. திட்டத்தின் சுருக்கப் பெயர் 'மோஸே'. செங்கடலைப் பிளந்த மோசேயை அது நினைவூட்டுகிறது. ஆயினும் அதே ஆண்டு டிசம்பரில் கணிப்புத் தவறியது, கதவுகள் எழவில்லை, தண்ணீர் மறுபடியும் உள்ளே வந்தது. 2022-இல் ஆலயத்தைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பும் எழுப்பினார்கள்.

நோவாவின் பேழையில் ஒரு குடும்பத்துக்குத்தான் இடமிருந்தது. இந்தக் கதவுகளோ நல்லவன், தீயவன் என்று விசாரிப்பதில்லை. தமக்கு உட்புறம் உள்ள அனைவரையும் காக்கின்றன. அடுத்த முறை வகுப்பில் இக்கதையைச் சொல்லும்போது அச்சிறுவனின் கேள்வியை இரண்டு சொல்லில் முடித்துவிட மாட்டோம்.