இரவற் பண்ணும் இறவாப் புகழும்

மேனாட்டார் 'ராக்' என வழங்கும் இசையிற் பற்றுடைய மாணவர் நால்வர் விடுதி அறையொன்றிற் கூடின், லெட் செப்பெலின் என்னும் பெயர் எழாதொழிவதில்லை. எழுந்த மாத்திரத்தே அவ்வறை இரு கட்சியாகப் பிரிந்துவிடும். இக்குழுவினர்க்கு நிகராவார் முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பர் ஒரு கட்சியார். பிறர் பாட்டைத் தம் பாட்டென்று விற்றுப் பெரும்பொருள் ஈட்டியவரே இவர் என்பர் மற்றொரு கட்சியார். இரு சாராரும் உரத்த குரலினர்; இரு சாராருள்ளும் அப்பாடல்களை முழுதுங் கேட்டவர் சிலரே என்பது என் ஐயம். யான் இரண்டாண்டுகளாக அவற்றை ஊன்றிக் கேட்டும், அவற்றின் மூலங்களைத் தேடிக் கேட்டும் வந்திருக்கிறேன். தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவனுக்கு இவ்வழக்கில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைப்பதுண்டு. வேலை இருக்கிறதென்பது போகப்போக விளங்கும்.

முதற்கண் இவர்கள் யாவர் என்பதைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். 1968-ஆம் ஆண்டில் யார்ட்பேர்ட்ஸ் என்னும் ஆங்கிலக் குழு கலைந்தபோது, அதிற் கித்தார் வாசித்திருந்த ஜிம்மி பேஜ் என்பார் புதிய துணைவரைத் தேடினார். பாடுதற்கு ராபர்ட் பிளாண்டும், முழவுக்கு ஜான் பொன்ஹாமும், தாழ்சுருதிக் கித்தார் முதலியவற்றுக்கு ஜான் பால் ஜோன்ஸும் வாய்த்தனர். 1969-ஆம் ஆண்டு ஜனவரியில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1979-க்குள் எட்டுத் தொகுதிகள் ஆயின. 1980-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் பொன்ஹாம் மிதமிஞ்சிய குடியினால், தமது முப்பத்திரண்டாம் வயதில் உயிர் துறந்தார். அவரின்றிக் குழுவை நடத்தல் இயலாதென மற்றை மூவரும் அவ்வாண்டு டிசம்பரிற் குழுவைக் கலைத்துவிட்டனர். உறையிற் குழுவின் பெயரோ தொகுதியின் பெயரோ இன்றி 1971-இல் வந்த நான்காம் தொகுதி அமெரிக்க நாட்டில் மட்டும் இரண்டு கோடிப் படிகளுக்கு மேல் விலைபோயிற்று. இத்தனைக்கும் முதல் தொகுதி வந்த ஞான்று, ரோலிங் ஸ்டோன் என்னும் அமெரிக்கப் பத்திரிகை அதனை இழித்தே எழுதியது. ஆதலின் இவர்தம் புகழ் விமரிசகர் கொடுத்த வரமன்று, கேட்டவர் கொடுத்தது.

கேட்டவர் எதனைக் கேட்டுக் கொடுத்தனர்? யான் ஒன்றைக் காட்டுவேன். நான்காம் தொகுதியின் இறுதிப் பாட்டு, 1927-ஆம் ஆண்டு மிசிசிப்பி ஆற்றில் வந்த பெருவெள்ளத்தைப் பற்றியது. மெம்பிஸ் மின்னி என்னும் கறுப்பினப் பாடகியும் அவர் கணவர் கான்சஸ் ஜோ மெக்காயும் 1929-இல் அதனை இரண்டு கித்தார்களின் துணைகொண்டு பதிவு செய்திருந்தனர். கரையுடைந்து வீடிழந்தோன் நடந்துகொண்டே முணுமுணுப்பது போன்றது அப்பாட்டு. லெட் செப்பெலின் குழுவார் ஹாம்ப்ஷியர் மாவட்டத்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்னும் பழைய கல் வீட்டில் தங்கி, பொன்ஹாமின் முழவுகளை அவ்வீட்டுக் கூடத்தில் வைத்து, ஒலிவாங்கிகளை மாடிப்படியின் மேலிருந்து தொங்கவிட்டு இதனைப் பதித்தனர். அம்முழவின் அடி சுவரில் மோதி மேலேறி நம் செவிக்கு வரும்போது, பாட்டிற் சொல்லப்பட்ட வெள்ளமே வந்துவிட்டதோ என்று தோன்றும். மின்னியார் பாட்டில் வெள்ளத்துக்கு அஞ்சும் மனிதன் இருக்கிறான். இவர்கள் பாட்டில் வெள்ளம் இருக்கிறது. 1986-இல் பீஸ்டி பாய்ஸ் என்னும் அமெரிக்கக் குழுவினர் இம்முழவொலியையே எடுத்துத் தம் பாட்டொன்றுக்கு அடித்தளமாக இட்டுக்கொண்டனர். இரவல் வாங்கியோரிடமே பின்வந்தோர் இரவல் வாங்கினர்!

இன்னும் ஒன்று. 1975-இல் வெளிவந்த 'காஷ்மீர்' என்னும் பாட்டு எட்டரை நிமிடம் நீள்வது. பெயர் காஷ்மீராயினும், பிளாண்டின் உள்ளத்தில் அதனை விதைத்தது மொராக்கோ நாட்டின் தென்பாலைவன வழியே. அஃது இயற்றப்பட்ட காலத்தில் நால்வரில் ஒருவரும் காஷ்மீரத்தைக் கண்டதில்லை. அதிற் கித்தார் மும்மூன்றாக எண்ணிச் செல்லும். முழவோ நன்னான்காக எண்ணிச் செல்லும். இரண்டும் பிரிந்து நடந்து பன்னிரண்டாம் எண்ணிக்கையில் ஒன்றுகூடி மீண்டும் பிரியும். திஸ்ரமும் சதுஸ்ரமும் எதிர்ப்படுதலை நம் நாட்டுக் கச்சேரிகளிற் கேட்டுப் பழகியவர்க்கு இது புதுமையன்று. எனினும் இதனைக் கணக்காகக் காட்டாது, ஒட்டகத்தின் நடைபோல் இயல்பாக்கி வைத்த திறம் வியக்கத்தக்கதே.

இவர்கள் பாடல்களைப் பற்றி எனக்கு முதலில் வந்த எச்சரிக்கை வேறு வகையினது. எங்கள் சபைப் பெரியவர் ஒருவர், என் கைப்பேசியில் இப்பெயரைக் கண்டதும் முகஞ்சுளித்து, 'தம்பி, அந்தப் பாட்டைப் பின்னாலிருந்து ஓட்டினால் சாத்தானைத் துதிக்கும் மொழிகள் கேட்கும், தெரியுமோ?' என்றார். 'விண்ணேறும் படிக்கட்டு' என்னும் பொருள்படப் பெயரிடப்பட்ட பாட்டையே அவர் குறித்தார். இக்கதை பழையது. 1982-இல் கலிபோர்னியா மாநிலச் சட்டசபைக் குழுவொன்றின் முன்னிலையிலும் அப்பாட்டு பின்னிருந்து ஓட்டிக் காட்டப்பட்டது. யானும் ஓட்டிப் பார்த்தேன். இன்ன சொல் வருமென்று முன்னரே எழுதிக்கொடுத்தால் அச்சொல் கேட்கிறது. எழுதிக்கொடாவிடின் தவளைக் கூச்சலே கேட்கிறது. எங்கள் விடுதியிற் பாமாலைப் பாட்டொன்றை அவ்வாறே ஓட்டி, சமையற்காரர் பெயர் அதில் வருகிறதென்று ஒருவன் சாதித்துக் காட்டினான். பெரியவர் நல்லெண்ணங் கொண்டே சொன்னார். ஆனால் அப்பாடல்களிற் குற்றந் தேடுவார் பின்னிருந்து ஓட்ட வேண்டுவதில்லை. இசைத்தட்டின் மேல் ஒட்டிய காகிதத்தைப் படித்தலே போதும்.

நிற்க. நம் இலக்கணத்தார் நூலை முதனூல், வழிநூல், சார்பு நூல் என மூவகைப்படுத்தினர். வழிநூலை இழித்தாரல்லர். முதனூலின் பொருளோடு பெரிதும் ஒத்து, பின்னோன் வேண்டிய வேறுபாட்டையும் உடன்கொண்டு நிற்பது வழிநூல். முன்னோர் பொருளையேயன்றி அவர் சொல்லையும் எடுத்தாளுதற்கு இசைவு தந்தனர். ஆனால் சிறப்புப் பாயிரத்திற் சொல்ல வேண்டியவற்றை எண்ணுமிடத்து, ஆக்கியோன் பெயரை அடுத்து வழி என்பதனை வைத்தனர். இந்நூல் எதன் வழித்து என்று வாயிலிலேயே சொல்லிவிட வேண்டும். கம்பர், தமக்கு முன்னர் இக்கதை சொன்னார் மூவரையும் குறித்து, அவருள் வான்மீகியைப் பின்பற்றுவதாகத் தம் பாயிரத்திலேயே உரைத்தார். அதனாற் கம்பர் புகழ் குன்றிற்றா?

இவ்வளவுகோலைக் கொண்டு இசைத்தட்டுக்களைப் பார்க்கும்போது வருத்தமே மிகுகின்றது. முதல் தொகுதியில் 'டேஸ்டு அண்டு கன்பியூஸ்டு' என்னும் பாட்டு ஜிம்மி பேஜ் இயற்றியதாக அச்சிடப்பட்டது. அப்பெயருடைய பாட்டை 1967-இலேயே ஜேக் ஹோம்ஸ் என்பார் பாடிப் பதித்திருந்தார். அவ்வாண்டு நியூயார்க் நகரில் யார்ட்பேர்ட்ஸ் குழுவார்க்கு முன்னர் அதே மேடையிற் பாடியுமிருந்தார். இரண்டாம் தொகுதியின் முதற்பாட்டாகிய 'ஹோல் லாட்டா லவ்' என்பதன் சொற்களிற் பெரும்பகுதி, வில்லி டிக்சன் இயற்றி மடி வாட்டர்ஸ் 1962-இற் பாடிய பாட்டிலிருந்து வந்தது. டிக்சன் பெயர் அங்கில்லை. 1985-இல் அவர் வழக்குத் தொடுத்தார். 1987-இல் உடன்பாடு ஏற்பட்டது. அதே தொகுதியில் 'தி லெமன் சாங்' என்பது ஹவுலிங் உல்ஃப் என்பாரின் பாட்டை ஒட்டியது. அவ்வழக்கும் 1972-இல் உடன்பாட்டில் முடிந்தது. இவ்விருவரும் மிசிசிப்பி நாட்டிற் பிறந்து, வறுமையும் நிறவேற்றுமையும் கண்டு, சிகாகோ நகருக்கு வந்து பாட்டினாற் பிழைத்தவர்கள் என்பதை மறத்தலாகாது.

முதல் தொகுதியில் 'பேப், ஐ'ம் கோனா லீவ் யூ' என்னும் உருக்கமான பாட்டொன்றுளது. அதனடியில் மரபுப் பாட்டு என்று குறித்து, இசையமைத்தவர் பேஜ் என்று அச்சிட்டனர். உண்மையில் அஃது ஆன் பிரெடன் என்னும் பெண்மணி 1950-களின் பிற்பகுதியில், மாணவியாயிருந்தபோது இயற்றியது. இங்கே பேஜை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. அவர் அதனைக் கற்றது ஜோன் பேஸ் 1962-இல் வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து, அதிலும் முதலில் மரபுப் பாட்டென்றே அச்சாகியிருந்தது. 1990-ஆம் ஆண்டு முதலே பிரெடனார் பெயர் லெட் செப்பெலின் இசைத்தட்டில் ஏறிற்று. பல்லாண்டுகள், உயிரோடிருந்த ஒருத்தி 'மரபு' என்னும் சொல்லுக்குள் மறைந்திருந்தாள்.

இச்செய்தியைப் படித்தபோது என் தாய்வழிப் பாட்டனாரை நினைத்தேன். அவர் ஒரு சிற்றூரில் உபதேசியாராயிருந்தவர். அறுப்புக் காலத்து ஸ்தோத்திரப் பண்டிகைக்கென அவர் கட்டிய கீர்த்தனையொன்று சுற்றுப்புறத்துச் சபைகளில் இன்றும் பாடப்படுகின்றது. அதனை அச்சேற்றிய பாட்டுப் புத்தகத்திலோ, 'ஆக்கியோன் பெயர் தெரியவில்லை' என்றிருக்கிறது. கேட்டால் இரண்டு மைல் தூரத்தில் தெரிந்திருக்கும். பாட்டியார் தம் புத்தகத்தில் அவ்வரியைப் பென்சிலால் அடித்து, மேலே பாட்டனார் பெயரை எழுதி வைத்திருந்தார். புத்தகம் கிழிந்து புதியது வாங்குந்தோறும் முதல் வேலையாக அதனையே செய்வார். பாட்டனார் இதனைப் பொருட்படுத்தியவரல்லர்; பாட்டு ஆண்டவருக்கு, பெயர் எதற்கு என்பார். பாட்டியார் அதற்கு விடை சொல்லமாட்டார், பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பார். ஆகவே, பாட்டு நன்றாயிருந்தாற் போதாதா, யார் கட்டினால் என்ன என்று விடுதி நண்பர் பேசும்போது எனக்கு அது வெறும் வாதமாகப் படுவதில்லை.

அந்நண்பரின் வாதத்திலும் ஓருண்மை உண்டு. புளூஸ் எனப்படும் அவ்விசையே வாய்மொழியாக வளர்ந்தது. அடிகளும் மெட்டுக்களும் நாட்டுப்புறப் பாடல்கள் போல் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்கு மாறி வந்தன. டிக்சனும் உல்ஃபும் முன்னோரிடம் எடுத்துக்கொண்டவர்களே. இஃது எனக்கு உடன்பாடு. ஆயின் கிராமத்துத் திண்ணையில் அடிகளை மாற்றிக்கொள்வோர் ஒரே திண்ணையில் அமர்ந்தவர்கள். ஒருவன் மட்டும் அவ்வடிகளைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து, படிக்கு இவ்வளவென்று கூலி வாங்கத் தொடங்கினால் திண்ணை வழக்கம் அங்கே முடிந்துவிடுகிறது. மேலும், வழி கூறும் முறையை இவர்கள் அறியாதவரல்லர். முதல் தொகுதியிலேயே டிக்சனுடைய வேறிரண்டு பாட்டுக்களுக்கு அவர் பெயரைத் தந்திருக்கின்றனர். முன்னர் யான் கூறிய வெள்ளப் பாட்டிலும் மின்னியார் பெயர் தொடக்கத்திலிருந்தே அச்சிடப்பட்டது. அறிந்தோர் செய்த பிழைக்கு அறியாமை என்று பெயரிடுதல் எங்ஙனம் தகும்?

இனி எதிர்க்கட்சியாரும் எல்லை கடந்ததுண்டு. 'விண்ணேறும் படிக்கட்டு'ப் பாட்டின் தொடக்கக் கித்தார் இசை, ஸ்பிரிட் என்னும் குழுவாரின் 1968-ஆம் ஆண்டு 'டாரஸ்' என்பதிலிருந்து திருடப்பட்டதென 2014-இல் வழக்கு வந்தது. 2016-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஜூரிகள் பேஜும் பிளாண்டும் அப்பாட்டை அறிந்திருக்க வாய்ப்புண்டு என்று கொண்டும், இரண்டும் ஒன்றல்ல என்றே முடிவு கூறினர்; 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை நிலைநாட்டிற்று. யான் இரண்டையும் பலமுறை கேட்டேன். படிப்படியாக இறங்கும் சுரவரிசை இரண்டுக்கும் பொது. அது பல நூற்றாண்டுகளாக மேனாட்டிசையில் வழங்கும் பொதுச் சொத்து. ஒரே சந்தத்திற் பாடினார் என்று ஒரு புலவர்மேல் மற்றொரு புலவர் வழக்காடியதுண்டோ? மெல்லெனத் தொடங்கி, எட்டு நிமிடத்திற் சிறிது சிறிதாக ஏறி, இறுதியிற் குரல் மட்டும் தனித்து நிற்க முடிகின்ற அக்கட்டுக்கோப்பு இவர்களுடையதே.

எனவே என் துணிபு இது. லெட் செப்பெலின் குழுவார் முதனூலாசிரியர் என்ற புகழுக்குப் பாதியே உரியர். வழிநூலாசிரியராக அவர்களுக்கு நிகரானவர் அவ்விசையில் மிகச் சிலரே. வாத்தியங்களின் ஒலியை இடத்தோடும் சுவரோடும் சேர்த்து அமைத்த கலையிலும், மென்மையும் வன்மையும் ஒரே பாட்டில் மாறிவரச் செய்ததிலும் பின்வந்த ராக் குழுக்கள் பல இவர்களுக்குக் கடன்பட்டன. புகழுக்குத் தகாதனவும் உள. பிளாண்டின் சொற்கள் பலவிடத்தும் வெறும் புகைமூட்டம். மேடையில் இவர்கள் அளவறிந்து நிறுத்தியதில்லை. 1976-இல் வந்த திரைப்படத்தின் இசைத்தொகுதியிற் பேஜ் 'டேஸ்டு அண்டு கன்பியூஸ்டு' பாட்டை இருபத்தாறு நிமிடத்துக்கு மேல் இழுக்கிறார். அதிற் பதினைந்து நிமிடத்தை வெட்டியிருந்தால் ஒருவரும் தேடமாட்டார்.

அப்பாட்டின் கதை இன்னும் முடியவில்லை. 2010-இல் ஜேக் ஹோம்ஸ் வழக்குத் தொடுத்து, பின்னர் இரு திறத்தாரும் தம்முள் உடன்பட்டுத் தீர்த்துக்கொண்டனர். 2007-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், மறைந்த பொன்ஹாமின் மகன் ஜேசன் முழவடிக்க, மற்றை மூவரும் லண்டனில் ஒன்றுகூடிப் பாடிய கச்சேரி 2012-இல் இசைத்தட்டாக வந்தபோது, அப்பாட்டின் கீழ் ஜிம்மி பேஜ் என்றும், ஜேக் ஹோம்ஸால் தூண்டப்பெற்றது என்றும் இருந்தது. பாட்டின் பெயரும், இறங்கிவரும் அதன் தாழ்சுருதி இசையும் ஹோம்ஸுடையவை. 'தூண்டப்பெற்றது' என்னும் சொல் அதற்குப் போதாது.