ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் ஒரு படம்

தமிழ் சினிமாவில் அவசரத்துக்கு ஒரு ரெக்கார்டு உண்டு. 'சுயம்வரம்'. 1999 ஏப்ரல் 5-ம் தேதி ஆரம்பித்து 6-ம் தேதி முடித்தார்கள். மொத்தம் 23 மணி 58 நிமிஷம். 14 இயக்குநர்கள், 19 ஒளிப்பதிவாளர்கள், அந்தக் காலத்து நட்சத்திரப் பட்டாளம் முக்கால்வாசி. கின்னஸில் பேர் வந்தது. படம் எப்படி என்று கேட்கக் கூடாது. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியது எத்தனை நிமிஷத்தில் என்று மட்டும்தான் கேட்கணும், ருசியைப் பற்றிக் கேட்கப்படாது :)

ஆனால் அது அவசரம் இல்லை, ஆள்பலம். ஒரே நேரத்தில் பல இடத்தில் பல கேமரா ஓடினால் எந்த வேலையும் சீக்கிரம் முடியும். நிஜமான அவசரம் எதுவென்றால், கேமரா ஒன்று, ஆள் ஐந்து, அந்த ஐந்தில் ஒருத்தனுக்குத் திங்கட்கிழமை இன்டர்னல் டெஸ்ட். அதில் படம் முடிப்பது.

இந்த மாதிரி அவசரத்துக்கென்றே வெளிநாட்டில் போட்டி வைக்கிறார்கள். 2001-ல் வாஷிங்டனில் தொடங்கிய 48 மணி நேரப் படப் போட்டி இன்று பல நாடுகளில் நடக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீட்டு எடுக்கணும். பேய்ப் படமா, நகைச்சுவையா என்பது சீட்டில் வரும். அதோடு ஒரு பாத்திரம், ஒரு பொருள், ஒரு வரி வசனம் கொடுப்பார்கள். மூன்றும் படத்தில் வந்தே ஆகணும். ஞாயிறு சாயங்காலம் படம் கையில் இருக்கணும். முன்னாடியே எடுத்து வைத்த படத்தைக் கொண்டுவந்து ஏமாற்ற முடியாதபடி பூட்டு போடத்தான் அந்தப் பொருளும் வசனமும். நல்ல மூளை.

நம் ஊரில் இந்தக் கிறுக்கைப் பிடித்து ஆட்டியது கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்'. 2009-ல் ஆரம்பித்தது. நலன் குமரசாமி, கார்த்திக் சுப்பராஜ், பாலாஜி மோகன் எல்லாம் அங்கே குறும்படம் காட்டியவர்கள். 2012-ல் 'காதலில் சொதப்புவது எப்படி'யும் 'பீட்சா'வும், 2013-ல் 'சூது கவ்வும்' படமும் தியேட்டருக்கு வந்தபோது தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரி ஹாஸ்டலிலும் ஒரு அறைக்கு ஒரு இயக்குநர் இருந்தான். பாளையங்கோட்டையில் சும்மாவே கல்லூரி ஜாஸ்தி. கேட்கணுமா?

அப்படி ஒரு ஐந்து பேர் கும்பலின் கதைதான் இது. 2012 அக்டோபர், புரட்டாசி மாசம். ஒரு கல்லூரி விழாவுக்குக் குறும்படப் போட்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குத் தலைப்பு தருவார்கள். ஞாயிறு 6 மணிக்கு டிவிடி ஒப்படைக்கணும். டைட்டிலையும் சேர்த்து 5 நிமிஷத்துக்கு மேல் போனால் கிடையாது. தலைப்பு வந்தது: 'காத்திருப்பு'.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஜங்ஷன் டீக்கடையில் முதல் கதை பிறந்தது. ரயில்வே ஸ்டேஷனில் ஒருத்தன் காத்திருக்கிறான். காதலி வரவில்லை. அப்புறம் அவள் ஏற்கனவே செத்துப்போனவள் என்று தெரிகிறது. எல்லாருக்கும் புல்லரித்தது. ரெண்டாவது டீயில் ஒருத்தன், "ஏல, ஸ்டேஷன்ல கேமராவத் தூக்குனா பெர்மிஷன் கேப்பான்ல" என்றான். கதை அங்கேயே செத்தது. காதலியாக நடிக்கப் பொண்ணும் கிடைக்காது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு மிச்சம் நின்றது இவ்வளவுதான்: குறுக்குத்துறை படித்துறையில் ஒரு ஆச்சி உட்கார்ந்து யாருக்கோ காத்திருக்கிறாள். கதை எழுதியவனின் சொந்த ஆச்சி டவுனிலேயே இருந்தாள். காசு கொடுக்க வேண்டாம், மேக்கப் வேண்டாம்.

காலக்கெடு செய்கிற முதல் நல்ல காரியம் இதுதான். கையில் இல்லாததை எல்லாம் கதையிலிருந்து அதுவே அடித்துவிடும்.

குறுக்குத்துறை தெரியாதவர்களுக்கு: தாமிரபரணிக்குள்ளேயே நிற்கிற முருகன் கோயில். வெள்ளம் வந்தால் கோயில் முழுகும். உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், வடிந்ததும் திரும்பக் கொண்டுவருவார்கள். நெல்லைக்காரர்களுக்கு அது ஒரு அதிசயமே இல்லை.

சனிக்கிழமை காலையில் வெளிச்சம் பிரச்சினை. நெல்லை கிட்டத்தட்ட 8.7 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மத்தியான வெயில் நேர் உச்சியில் நிற்கும். அக்டோபரிலும் பெரிதாகச் சரிந்துவிடாது. பதினோரு மணிக்கு மேல் யாரை எடுத்தாலும் கண் இருக்கிற இடத்தில் ரெண்டு கறுப்புக் குழி. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றால், சூரியன் விழுந்த பிறகு நமக்குக் கிடைக்கிற அந்தி இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான். ஐரோப்பியப் படங்களில் முடியவே முடியாமல் நீள்கிற அந்தப் பொன்வெளிச்சம் இங்கே இல்லை. ஆகவே காலை ஆறரையிலிருந்து ஒன்பது, சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு. ரெண்டு நாளில் உருப்படியான வெளிச்சம் மொத்தமே ஏழெட்டு மணி நேரம். 48 மணி நேரம் என்பதெல்லாம் சும்மா பேச்சு.

சத்தத்துக்கு மட்டும் அதிர்ஷ்டம். ஆனி ஆடியில் செங்கோட்டைப் பக்கமிருந்தும் ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்தும் வருகிற காற்றில் மைக் வைத்தால் லாரி ஓடுகிற மாதிரிதான் கேட்கும். புரட்டாசியில் அது அடங்கிவிடும். ஆனால் இந்த மாவட்டத்தில் காற்று அடங்கினால் காற்றாலையும் அடங்கும். 2012-ல் சென்னைக்கு வெளியே கரண்ட் போன லட்சணம் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். பத்து பன்னிரண்டு மணி நேரம் இருக்காது. காற்று அடித்தால் கரண்ட் இருக்கும், சத்தம் கெடும். காற்று நின்றால் சத்தம் சுத்தமாக இருக்கும், எடிட் பண்ணக் கரண்ட் இருக்காது. படம் எடுக்கிறவனுக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்த ஏற்பாடு.

கேமரா, வாடகைக்கு வாங்கிய கேனான் 550டி. அப்போது எல்லாக் குறும்படக்காரன் கழுத்திலும் அதுதான் தொங்கியது. படத்தின் அழகு சினிமா மாதிரியே வரும். ஒரே குறை, ஒரு கிளிப் 4 ஜிபியைத் தொட்டதும் தானாக நின்றுவிடும். முழு ஹெச்டியில் அது சுமார் 12 நிமிஷம்.

ஆச்சிக்கு வசனம் மூன்றே வரி. முதல் டேக்கில் ஒரு வரி சொன்னாள். ரெண்டாவது டேக்கில் வேறு ஒரு வரி, எழுதாதது. துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி, "ஏ ஐயா, என்ன எடுக்கீங்க? எம் மூஞ்சி விழுமா?" என்று கேட்டதில் மூன்றாவது டேக் போனது. நாலாவது டேக்கில் ஆச்சி வசனத்தை மொத்தமாக விட்டுவிட்டு 1992 வெள்ளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அந்த வருஷம் நவம்பரில் தாமிரபரணி பொங்கி வந்தது நெல்லையில் வயசானவர்கள் யாருக்கும் மறக்காது. தண்ணீர் எந்தத் தெரு வரைக்கும் வந்தது, எந்த வீட்டுத் திண்ணையில் யார் ராத்திரி முழுக்க நின்றார்கள், மாட்டை அவிழ்த்துவிடப் போனவர் எப்போது திரும்பினார்... நிறுத்தாமல் பேசினாள். யாருக்கும் கட் சொல்லத் தோன்றவில்லை. 12 நிமிஷத்தில் கேமராவே கட் சொன்னது. ஆச்சி அதற்கப்புறமும் பேசிக்கொண்டிருந்தாள்.

பேரன் அழுதுவிட்டான். அந்த வீட்டில் யாரும் இதை முழுசாகக் கேட்டதில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை எடிட்டிங். கும்பலின் கம்ப்யூட்டரில் அந்தக் கேமரா ஃபைலைப் போட்டால் படம் விட்டு விட்டுத்தான் ஓடும். யூபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கும். காலை பத்து மணிக்கு ரெண்டாவது தடவை கரண்ட் போனபோது, ஜெனரேட்டர் உள்ள ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவுக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, ஸ்டுடியோ காலியாகக் கிடந்தது. அண்ணாச்சி முகத்தைப் பார்த்தார், "டீசலுக்கு மட்டும் குடுங்கடே" என்றார். இந்தக் கதையில் ஒருத்தருக்கு அவார்டு கொடுக்கலாம் என்றால் அவருக்குத்தான்.

சண்டை அங்கேதான் வந்தது. எடிட் செய்தவன் ஆச்சியின் 12 நிமிஷத்தை 40 செகண்டாக வெட்டினான். ஐந்து நிமிஷப் படத்தில் அதற்கு மேல் இடமில்லை. ஆச்சி காத்திருக்கிறாள் என்பதுதான் கதை, வெள்ளம் இல்லை. பேரன் ரெண்டு நிமிஷமாவது வேண்டும் என்றான். மற்ற மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எடிட்டர் சொன்னது நியாயம், அது படத்தின் நியாயம். பேரன் கேட்டதும் நியாயம்தான், ஆனால் அது வேறு ஒரு படத்துக்கானது, அந்தப் படத்தை யாரும் எடுத்துக்கொண்டிருக்கவில்லை. இதையெல்லாம் நிதானமாகப் பேச மணி நாலரை ஆகியிருக்கக் கூடாது. ரெண்டு கெட்ட வார்த்தை, ஒரு நாற்காலி விழுந்த சத்தம். 40 செகண்ட் நின்றது.

ரெண்டர் முடிந்தபோது 5.20. முதல் டிவிடி பாதியில் எழுதாமல் போனது. ரெண்டாவது 5.44. பைக்கில் மூன்று பேர். கொடுத்துவிட்டார்கள். ஆறுதல் பரிசுகூட இல்லை.

பேரனும் எடிட்டரும் ஆறு மாசம் பேசவில்லை. ஆனால் அதுவல்ல விஷயம். அந்த வாரமே அடுத்த படத்துக்கு இடம் வேண்டும் என்று மெமரி கார்டையும் ஹார்டு டிஸ்க்கையும் காலி செய்தார்கள். முடிந்த படம் டிவிடியில் இருக்கிறது, வெட்டினது எதற்கு என்ற கணக்கு. 500 ஜிபி டிஸ்க் அப்போது மாணவன் பாக்கெட்டுக்குச் சின்ன விலை இல்லை. யார் அழித்தது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பதில் வரும்.

இதே ஆற்றங்கரையில் 1999 ஜூலை 23-ம் தேதி மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குப் பிறகு 17 பேர் செத்துப்போனார்கள். ஆற்றுக்குள் விரட்டப்பட்டவர்கள். ஒன்றரை வயசுக் குழந்தையும் அதில் உண்டு. நெல்லையில் காஞ்சனை திரைப்பட இயக்கத்தை நடத்திய ஆர்.ஆர்.சீனிவாசன் அதை 'நதியின் மரணம்' என்று ஆவணப்படமாக்கினார். அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரியாத தலைமுறையிடம் காட்ட இன்றைக்கும் அது இருக்கிறது. போட்டியும் பரிசும் இல்லாமல், எடுத்ததைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் இது நடக்கும்.

ஆச்சி 2016-ல் போய்விட்டாள். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த பேய்மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. குறுக்குத்துறைக் கோயில் திரும்ப முழுகியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. டவுனில் வீட்டு மாடியில் நின்றவர்கள் எல்லாம் 92-ல் தண்ணீர் எது வரைக்கும் வந்தது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெரு தெருவாகச் சொன்ன ஒரு பதிவு ஒரு காலத்தில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. மறுநாள் சிக்னல் வந்ததும் பேரனுக்கு எடிட்டரிடமிருந்து போன். "ஏல, ஒருவேளை அண்ணாச்சி கம்ப்யூட்டர்ல ஏதும் கிடக்குமால?" ஸ்டுடியோ மூடி ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. அண்ணாச்சியைத் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். பழைய சிபியூவை எடைக்குப் போட்டாச்சு என்றார்.

மிச்சமிருப்பது யூடியூபில் உள்ள அந்த ஐந்து நிமிஷப் படம்தான். அதில் மூன்றாவது நிமிஷத்தில் ஆச்சி வருகிறாள். "தண்ணி வந்த சத்தம் இருக்கே..." என்று ஆரம்பிக்கும்போது கட். பின்னால் யாரோ துணி துவைக்கிற சத்தம் நன்றாகக் கேட்கிறது. வியூஸ் ஒன்றும் பிரமாதமில்லை. அதிலும் பாதி ஒரே வீட்டிலிருந்து வந்தவை.