பிழிந்த துணி

தொலைபேசியை வைத்த ஆய்வகத்து அக்கா, "மசில் வருது" என்றார். சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் இருக்கிறது அந்த ஆய்வகம். தேக்காவில் தோசை தின்றுவிட்டு எம்ஆர்டி பிடித்துப் போயிருந்தேன்.

பனிக்கட்டிப் பெட்டிக்குள் ஒரு சிறு டப்பா. அதற்குள், நோயைக் கண்டறிய எடுத்த தசைத் துண்டு, காஸ் துணி சுற்றி, சுண்டுவிரல் நகமளவு. அவர் முதலில் தொட்டுப் பார்த்தது தசையை அல்ல, துணியை. சலைனில் நனைத்து ஒட்டப் பிழிந்திருக்க வேண்டும். காய்ந்துபோனால் தசை வாடிவிடும். சொட்டச் சொட்ட இருந்தால் நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒருமுறை சலைனில் மிதந்துகொண்டே ஒரு துண்டு வந்ததாம். எங்கிருந்து என்று அவர் சொல்லவில்லை. ஃபார்மலினில் ஊறி வந்தால் இன்னும் மோசம். நொதிகள் செயலிழந்துவிடும், அவற்றைக் காட்டும் சாயங்கள் வேலைக்காகாது.

எந்தத் தசையில் எடுப்பது என்பதிலும் கணக்கு உண்டு. மின்சோதனை ஊசி குத்திய இடம் ஆகாது. முழுக்கக் கரைந்து கொழுப்பான தசையும் ஆகாது.

அடுத்தது உறையவைப்பது. திரவ நைட்ரஜன் −196 டிகிரி. அதிலேயே நேராக முக்கிவிடலாமே என்றேன். "தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சா என்னாகும்?" என்று கேட்டார். காலையில்தான் பார்த்திருந்தேன்: துளிகள் ஆவி மெத்தைமேல் உருண்டோடும், கல்லில் ஒட்டாது. நைட்ரஜனுக்குத் தசைதான் சூடான கல். சுற்றிலும் ஆவி மூடிக்கொள்ள, குளிர் மெதுவாக இறங்கும். பனித்துகள் பெருத்து இழைகளைச் சல்லடையாக்கிவிடும். அதனால் நைட்ரஜனுக்குள் ஒரு குவளை ஐசோபென்டேனை, அப்படி ஆவி மெத்தை கட்டாத திரவத்தை, இறக்கிக் காத்திருந்தார். அடியில் வெள்ளை மணிகள் உறையத் தொடங்கினால் சுமார் −160. அதுதான் பதம். சில விநாடி முக்கல், அவ்வளவுதான்.

முக்குவதற்கு முன்பே தசையை நிமிர்த்தி ஒட்டியிருந்தார். இழைகள் குறுக்காக வெட்டுப்பட வேண்டும். தேக்கா ஆட்டிறைச்சிக் கடை பாயும் நார் பார்த்துத்தான் கத்தி வைக்கிறார். இங்கே கிரையோஸ்டாட் என்ற குளிர்வெட்டுக் கருவியின் கத்தி, −20 டிகிரிச் சூழலில், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவுகிறது. சாயம் ஏற்றிப் பார்த்தால் ஆரோக்கியமான இழைகள் பலகோணச் சில்லுகளாக நெருங்கி நிற்கும். நோயுற்றதில் சில சூம்பியிருக்கும், சில ஊதியிருக்கும்.

டூஷேன் தசைச்சிதைவு என்று சந்தேகப்பட்டால் இப்போதெல்லாம் முதலில் மரபணுச் சோதனைதான். பல பிள்ளைகளுக்குக் கத்தியே படாமல் விடை கிடைத்துவிடுகிறது. தசை அழற்சி போன்றவற்றுக்கு இன்னும் இந்தத் துண்டு தேவைப்படுகிறது. வேலை குறைகிறதே என்று கேட்டதற்கு, "குறையட்டுமே தம்பி" என்றார்.

நான் கிளம்பும்போது மறுநாள் அறுவைக்காகத் தாதியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆங்கிலம்தான். ஆனால் பேசப் பேச அவருடைய இடது கை, காற்றில் எதையோ முறுக்கிப் பிழிந்துகொண்டே இருந்தது.