கொல்லிமலைக்கு விருந்தினரோடு போகிறீர்களா? சாமை வாங்க மறக்காதீர்கள்!

நாமக்கல் பக்கத்து வீடுகளுக்கு வெளிநாட்டு நண்பர்கள் வந்தால், கார் முதலில் கிளம்புவது கொல்லிமலைக்குத்தான். காரவள்ளி அடிவாரம் தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். பாதி தூரத்திலேயே சிலருக்குத் தலை சுற்றும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மலையேறக் கூடாது.

மேலே செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. கடையேழு வள்ளல்களில் ஒருவரான ஓரி ஆண்ட மலை இது. அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. இறங்குவது சுலபம்; ஏறும்போதுதான் முழங்கால் கெஞ்சும். மூட்டு வலிக்காரர்கள் கோயிலோடு நின்றுகொள்வது நல்லது.

பலருடைய பயணம் இத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால், விருந்தினருக்குச் சொல்ல வேண்டிய கதை ஒன்று பாக்கி இருக்கிறது. இங்கு வாழும் மலையாளி பழங்குடியினர் (கேரளத்தவர் அல்ல, மலையை ஆள்பவர்கள்) தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு விளைவித்தவர்கள். ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளியில் காசு கிடைத்ததால் சாமைக் காடுகள் சுருங்கின. சாமையை உரலில் இடித்து உமி நீக்கும் பாடும் பெண்களைச் சலிக்க வைத்தது. 1990-களில் இருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மக்களோடு சேர்ந்து சிறுதானியங்களை மீட்க உழைத்தது. உமி நீக்கும் இயந்திரங்களும் ஊருக்குள் வந்தன.

திரும்பும்போது பலாவும் மிளகும் வாங்குவதோடு, ஒரு கிலோ சாமையும் வாங்குங்கள். அன்றிரவு வீட்டில் விருந்தினருக்குச் சாமைச் சோறு போடுங்கள். விற்றால்தானே அடுத்த ஆடியிலும் விதைப்பார்கள்!