தலையாட்டினால் போதாது

வயதானவர்கள் ஆஸ்பத்திரியில் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள். காது சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சம், பின்னால் வரிசை நிற்கிறதே என்ற பதற்றம், படித்த பிள்ளை சொல்கிறது, திருப்பிக் கேட்பானேன் என்ற மரியாதை. அனுபவப்பட்ட நர்ஸ் இந்தத் தலையாட்டலை நம்புவதே இல்லை.

பெரியம்மாவுக்கு இன்சுலின் ஆரம்பித்தபோது துணைக்குப் போயிருந்தேன். அந்த சிஸ்டர் எல்லாவற்றையும் செய்து காட்டிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்கவில்லை. "இப்ப நான்தான் உங்க மருமகள்னு வச்சுக்குங்க பாட்டி. எனக்குச் சொல்லிக்குடுங்க, பாப்போம்" என்றார். பெரியம்மா குப்பியை எடுத்து, இருமல் மருந்தைக் குலுக்குவது போல ஒரு குலுக்குக் குலுக்கினார். "அய்யோ பாட்டி, மருமகளுக்கு இப்படியா சொல்லிக்குடுப்பீங்க?" என்று சிரித்துக்கொண்டே குப்பியை வாங்கி உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டிக் காட்டினார் சிஸ்டர். கலங்கலான இன்சுலினைக் குலுக்கினால் நுரை தட்டி அளவு தப்பும்.

சிரிஞ்சு விஷயம் இன்னும் சிக்கலானது. நம் ஊரில் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு விதமாகக் கிடைக்கிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை கிடுகிடுவென இறங்கிவிடும். சிஸ்டர் இந்தக் கணக்குக்கே போகவில்லை. பெரியம்மாவுடையது 40 யூனிட் குப்பி. "காலிக் குப்பியைக் கையோட எடுத்துட்டுப் போங்க. இதே மருந்து, சிவப்பு மூடி ஊசி. வேற எதைக் குடுத்தாலும் வாங்காதீங்க." அவ்வளவுதான்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை என்பதையும் கவனித்தேன். வயதாகும்போது முதலில் மங்குவது கீச்சென்ற ஒலிகள்தான். கத்தினால் குரல் இன்னும் கீச்சிடும். முகத்துக்கு நேரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் பாதி பிரச்சினை தீரும். (வீட்டில் நாங்கள் செய்வது நேர்மாறு. அடுப்படியிலிருந்து கத்துவோம்.)

கேள்வி கேட்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. "வெறும் வயித்தோடதானே வந்தீங்க?" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "காலையில காபி குடிச்சீங்களா, டீயா?" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காத தலைமுறை அது. உப்பும் அப்படித்தான். குழம்பில் குறைத்துவிட்டேன் என்பவரிடம் ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். ஆனால் பெரியம்மாவின் நோட்டில் பிரஷர் எழுத இடம் உண்டு, சுகர் எழுத இடம் உண்டு. சொல்லிக்கொடுத்ததை எழுத இடமில்லை. கூட்டத்தை வேகமாக அனுப்பும் நர்ஸுக்குத்தான் நல்ல பெயர் என்பது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க நர்ஸும் வருகிறார். ஆஸ்பத்திரியில் மறைக்க முடிந்ததை வீட்டில் மறைப்பது கஷ்டம். உறவுக்காரப் பாட்டி ஒருவரைப் பார்க்க வந்த நர்ஸ், மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தார். ஒரு பிரஷர் மாத்திரை அட்டை மட்டும் பிரிக்கப்படாமல் கிடந்தது. திட்டவில்லை. "இதை மட்டும் ஏன் பாட்டி விட்டுட்டீங்க?" என்று கேட்டார்.

"அதைப் போட்டா ராத்திரியெல்லாம் ஒண்ணுக்கு வருது தாயி. கக்கூசு கொல்லையில இருக்கு. இருட்டுல எங்க போறது?"

"ராத்திரியா போடுறீங்க? இது காலையில போட வேண்டிய மாத்திரை பாட்டி" என்றவர், பேனாவை எடுத்து அட்டையின் மேல் பெரிதாக ஒரு சூரியன் வரைந்தார்.