வெலிங்டன் மலைக்கு ஒரு பயணம்

நீலகிரிக்கு மக்கள் குளிர்ச்சி நாடிச் செல்வர். மலர்க்காட்சி காணச் செல்வர். சென்ற ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நான் அங்குச் சென்றது வேறொரு காரணத்தால். வெலிங்டனில் இராணுவப் பயிற்சி பெற்றுவந்த என் மகன், காலை ஊன்றலாகாது என்ற கட்டளையோடு மருத்துவமனையில் படுத்திருந்தான்.

அவன் வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளில், பேருந்து நிலையத்தில் நான் கூறியனுப்பிய சொல் இது: “என்ன நேர்ந்தாலும் பாதியில் மட்டும் திரும்பி வந்துவிடாதே!” அப்போது அச்சொல்லில் எனக்குப் பெருமிதம் இருந்தது. அது அவனை என்ன செய்தது என்பதை அந்த மலை ஏறிய பின்னரே அறிந்தேன்.

பார்வையாளர் நேரம் பிற்பகல் என்றமையால், மேட்டுப்பாளையத்தில் காலையில் புறப்படும் மலைப் புகைவண்டியில் ஏறினேன். 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய இந்த இரயில், 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மொத்தத் தொலைவு 46 கிலோமீட்டர். கல்லாற்றைக் கடந்ததும் ஏற்றம் கடுமையாகிறது. ஏறத்தாழப் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயர்வு. தண்டவாளங்களின் நடுவே பதித்த பல்வரிசையைச் சக்கரம் கவ்விக் கவ்வி ஏறுகிறது. வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான்.

முன்புறம் எஞ்சினைக் காணாமல் நான் வியப்புற்றபோது, எதிரில் அமர்ந்திருந்த முதியவர் விளக்கினார்: “இந்த ஏற்றத்தில் எஞ்சின் பின்னால்தான் இருக்கும், ஐயா. அது வண்டியை இழுப்பதில்லை, தள்ளுகிறது. பெட்டிகள் பின்னோக்கி உருண்டுவிடாமல் தாங்குவதும் அதுவே.”

குன்னூரை அடுத்த நிலையம் வெலிங்டன். முன்பு ஜகதளா என்னும் படுகர் ஊரின் பெயரால் அறியப்பட்ட இவ்விடம், பின்னர் ஆங்கிலத் தளபதி வெலிங்டன் பிரபுவின் பெயரைப் பெற்றது. 1758-இல் தன் வரலாற்றைத் தொடங்கிய மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இங்கேதான் உள்ளது. 2022-இல் வந்த அக்னிபத் திட்டப்படி சேரும் இளைஞர்க்குப் பணிக்காலம் 4 ஆண்டுகள். அதன் தொடக்க மாதங்கள் பயிற்சிக்குரியவை. சரிவுகளில் தேயிலை, சாலையோரம் கற்பூர மரங்கள், எங்கோ ஓர் அணி நடைபோடும் ஓசை. அந்த ஓசை கேட்டபோது என் நெஞ்சு கனத்தது.

மருத்துவ அதிகாரி ஓர் இளம்பெண்மணி, பொறுமையோடு எடுத்துரைத்தார். “எலும்பு உயிருள்ள பொருள். பழகாத கால்மீது ஓட்டமும் சுமையும் திடீரென்று கூடும்போது தேய்மானம் முந்திக்கொள்கிறது. புதிய எலும்பு வளர்வது பிந்திவிடுகிறது. அதனால் கணைக்கால் எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விழுகிறது. புதிதாய்ப் பயிற்சிக்கு வருவோரிடம் எந்த நாட்டிலும் காணப்படுவதுதான். தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் சில வார ஓய்வில் ஆறியிருக்கும். இவர் மூன்று வாரம் மறைத்துவிட்டார்.”

காலைதோறும் உடல்நலக் குறைவுள்ளோர் உண்டா என்று கேட்கப்பட்டபோதெல்லாம் அவன் வாய் திறக்கவில்லையாம். வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடியிருக்கிறான். மாத்திரை எலும்பை ஆற்றவில்லை. எச்சரிக்கும் வலியை மட்டும் உறங்கச் செய்தது. இனி எட்டு வார ஓய்வு. பின்னர் மருத்துவர்கள் தகுதி என்று கண்டால், அடுத்து வரும் அணியோடு பயிற்சியைத் தொடரலாம். காணாவிட்டால் வீடு திரும்ப வேண்டியதுதான்.

“ஏன் சொல்லவில்லை, தம்பி?” என்றேன்.

“நீங்கள்தானே அப்பா, பாதியில் வராதே என்றீர்கள்” என்றான். அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுவே என்னை மேலும் வருத்திற்று.

சிறிது பொறுத்து, “அம்மாவிடம் என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டான்.

“சுளுக்கு என்று சொன்னேன்.”

“நீங்களும் மறைத்துவிட்டீர்களா?” என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது.

“அன்று சொன்னதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சீருடையோடு வந்தாலும், அது இல்லாமல் வந்தாலும் நீ என் மகன். வலித்தால் வலிக்கிறது என்று சொல். அது கோழைத்தனம் அன்று” என்றேன். அவன் மறுமொழி கூறவில்லை. என் கையை மட்டும் விடாமல் பற்றியிருந்தான். அன்று மாலையே அவன் தாயிடம் தொலைபேசியில் உண்மையைக் கூறினேன்.

அதன்பின் வந்த வாரங்களில், எப்போது ஓடுவாய் என்று நாங்கள் கேட்கவில்லை. உண்டாயா, உறங்கினாயா, இன்று வலி எப்படி என்றே கேட்டோம். கால் ஆறிற்று. மருத்துவர்கள் இசைவளித்தனர். தன்னோடு சேர்ந்தோர் பயிற்சி முடித்துச் சென்ற பின்னும் அவன் புதிய அணியோடு நின்று, இவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் பயிற்சியை நிறைவு செய்தான்.

பிள்ளைகளைப் படைக்கு அனுப்பும் பெற்றோரே, நம் சொல் அவர்களோடு முகாம் வரை செல்கிறது. நாம் உடன் செல்வதில்லை. ஆதலின் வழியனுப்பும்போது அதை எண்ணிச் சொல்லுங்கள். மலையேறுவது அவர்கள் கடமை. பின்னின்று தள்ளுவதோடு, வழுக்கும்போது தாங்குவதும் நம் கடமையன்றோ?